வழங்கல் சங்கிலி வேலைக்கு எந்தச் சான்றிதழ்? வன்னியிலிருந்து படிப்பவர்களுக்கான படிமுறை வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் ஸ்டோர்ஸிலோ கொள்வனவிலோ லொறிப் போக்குவரத்திலோ வேலை செய்துகொண்டு “அடுத்ததாக என்ன படிக்கலாம்?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டு இந்தத் துறைக்குள் வர நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். நானும் ஸ்டோர்ஸில் தொடங்கிக் கொள்வனவுப் பக்கம் வந்தவன். பலருக்குப் பக்கத்தில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பாடம் கடினம் என்று இடையில் விட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. படிகளை மாற்றிச் செய்ததால் காசை இழந்தவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன். முதலில் வகுப்புக்குக் காசு கட்டுவார்கள். பிறகுதான் தகுதி நிபந்தனையை வாசிப்பார்கள். கடைசியில், தாங்கள் போக நினைத்த வேலைக்கு அந்தச் சான்றிதழை யாருமே கேட்பதில்லை என்று தெரியவரும். கட்டிய காசு ஒரு காலபோக விளைச்சலின் பெரும்பங்காக இருக்கும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

பொருளை வாங்கி, வைத்து, உரியவரிடம் கொண்டு சேர்ப்பது வரை உள்ளதுதான் வழங்கல் சங்கிலி. அந்தப் பெயருக்குள் பல வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பான சான்றிதழ் வேறு. வன்னியில் இருந்து பார்க்கும்போது ஐந்து வாசல்கள் தெரிகின்றன.

முதலாவது கொள்வனவு: விலைமனுக் கோருவது, வழங்குநரோடு பேரம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது. இரண்டாவது இருப்பும் திட்டமிடலும்: ஆடைத் தொழிற்சாலையில் துணியும் நூலும் எப்போது வந்து இறங்க வேண்டும் என்று பார்ப்பவரும், அரிசி ஆலையில் நெல் இருப்பைக் கணக்கெடுப்பவரும் இதற்குள் வருவார்கள். மூன்றாவது போக்குவரத்தும் ஏற்றுமதியும்: முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறும் மீன் கொழும்பு வழியாக வெளிநாடு போகும் வரை உள்ள வேலைகள். நான்காவது மனிதாபிமான வழங்கல்: தொண்டு நிறுவனங்கள், கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள், ஐ.நா. முகவரகங்கள். ஐந்தாவது அரச சேவை.

இதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அடுத்த மூன்று வருடத்தில் எந்தக் கதிரையில் இருக்க விரும்புகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். “வவுனியாவில் ஒரு நிறுவனத்தின் கொள்வனவு அலுவலர்” என்பது நல்ல வரி. “நல்ல கம்பெனி ஒன்றில் முகாமையாளர்” என்பதை வைத்து ஒரு சான்றிதழையும் தெரிவு செய்ய முடியாது.

எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். ஊரோடு இருப்பதா, கொழும்பா, கட்டாரா, துபாயா? ஓரிடத்தில் பெரிதாக மதிக்கும் பெயரை இன்னோரிடத்தில் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

2. வேலை விளம்பரங்களைச் சேர்த்து எண்ணுங்கள்

நீங்கள் எழுதிய வரிக்குப் பொருந்தும் விளம்பரங்களில் இருபது முப்பதைச் சேருங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: கேட்கும் சான்றிதழ், கேட்கும் அனுபவம், கேட்கும் மென்பொருள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கோடு போட்டு எண்ணுங்கள்.

வகுப்பு நடத்துகிறவர் தன்னிடம் இருக்கும் பாடத்தைத்தான் உங்களுக்கு நல்லது என்று சொல்வார். விளம்பரம் போடுகிறவருக்கு உங்களிடம் எதையும் விற்க வேண்டிய தேவை இல்லை. அதனால்தான் இந்த எண்ணிக்கையை நம்பச் சொல்கிறேன்.

எண்ணிப் பார்த்தவர்கள் பலருக்கு ஒரு விடயம் முகத்தில் அடித்தது போலத் தெரியும். ஆரம்ப நிலை வேலைகளில் பெரும்பாலும் சான்றிதழே கேட்பதில்லை. எக்செலும் ஆங்கிலமும் ஓரிரு வருட அனுபவமும்தான் கேட்கிறார்கள். உங்கள் கொப்பியும் அப்படிச் சொன்னால் முதலில் எக்செலைப் படியுங்கள். சான்றிதழை இரண்டு வருடம் தள்ளிப் போடலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டத்தை விட்டுவிட்டுச் சான்றிதழின் பின்னால் போகாதீர்கள். பட்டத்தின் மேல் சான்றிதழைப் பிறகு வைக்கலாம். சான்றிதழை வைத்துக்கொண்டு பிறகு பட்டத்துக்கு நேரம் தேடுவது வேலையும் குடும்பமும் வந்த பின் மிகவும் சிரமம்.

3. பத்திரங்களை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள்

இதைக் கடைசிக்கு விடுகிறவர்கள்தான் அதிகம். வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தப் படி மற்றவர்களை விட நீளமானது. அதனால்தான் மூன்றாவதாக வைத்திருக்கிறேன்.

பரீட்சைச் சான்றிதழ்கள்: 2009 இல் மூட்டை முடிச்சோடு ஓடியவர்களில் பலருடைய சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்கள் வழியிலேயே போய்விட்டன. பாடசாலை கொடுத்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருடமும் சமாளித்திருப்பார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தக் கடிதத்தை ஏற்பது சந்தேகம். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு எடுங்கள். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பாடசாலைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

பெயர்: பிறப்பு அத்தாட்சியின் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்று இருந்தால் பரீட்சை மண்டப வாசலில் திருப்பி அனுப்பப்படலாம். “ஞான” என்று தொடங்கும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜீ’ வைத்துத் தொடங்குவார், இன்னொருவர் ‘என்’ வைத்துத் தொடங்குவார். தகப்பன் பெயர் முதலில் வருவதா கடைசியில் வருவதா என்பதும் குழப்பும். கடவுச்சீட்டில் இருப்பதைத் தலைமைப் பெயராக வைத்துக்கொண்டு, பதிவு செய்யும் ஒவ்வொரு இடத்திலும் அதே எழுத்துகளை அதே வரிசையில் போடுங்கள்.

கடவுச்சீட்டு: வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். சர்வதேசப் பரீட்சை நிலையங்கள் ஆங்கில எழுத்தில் பெயர் உள்ள, படமும் கையொப்பமும் உள்ள அரச ஆவணத்தைக் கேட்கும். பழைய லமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லை. குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. இதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

சேவைக் கடிதம்: இதுதான் நம்மவர்களுக்குப் பெரிய இழப்பு. போருக்குப் பிந்திய வருடங்களில் தொண்டு நிறுவனங்களின் களஞ்சியங்களில் நூற்றுக்கணக்கான தொன் பொருளை இறக்கி ஏற்றி, பதிவு எழுதி, பகிர்ந்து கொடுத்த பிள்ளைகள் இங்கே நிறைய. திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடியது, பொறுப்பாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அந்த அனுபவத்துக்கு இன்று கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இப்போது திட்ட வேலையில் இருப்பவர்கள் ஒப்பந்தம் முடியும் மாதத்துக்குக் காத்திராமல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் பதவிப் பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, முழுநேர வேலை என்ற சொல், செய்த பணிகள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். “நல்லவர், நேர்மையானவர்” என்று மட்டும் எழுதிய கடிதம் அனுபவத்தை நிரூபிக்க உதவாது.

4. காகிதத்தின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் நாம் “சேர்ட்டிபிக்கேட்” என்கிறோம். நான்கு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வகுப்புக்கு வந்தார் என்று சொல்லும் காகிதம் ஒரு வகை. அது வருகைக்கான சாட்சி, அவ்வளவுதான். ஒரே பரீட்சையில் தேறினால் கிடைப்பது இரண்டாவது வகை. இதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரும். படிப்படியாக ஏறும் டிப்ளோமா மூன்றாவது; பெற்றால் உங்களுடையதுதான், காலாவதி இல்லை. நான்காவது உறுப்புரிமை, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போடும் உரிமையும் இதோடு வரும். வருடாந்தச் சந்தா நின்றால் எழுத்துகளும் போய்விடும்.

ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் இது எந்த வகை, யார் வழங்குகிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். வழங்குகிறவர் வேறு, வகுப்பு நடத்துகிறவர் வேறு.

5. வாசலுக்கு ஏற்ற சான்றிதழ்

*கொள்வனவு.* கொள்வனவு, வழங்கல் துறைக்கான பிரித்தானியாவின் சி.ஐ.பி.எஸ். நிறுவனத்தின் படிகள்தான் இந்தப் பக்கத்தில் பரவலாகத் தெரிந்தவை. நிலை 2 இலிருந்து நிலை 6 வரை இருக்கிறது. பலரும் நுழைவது நிலை 4 டிப்ளோமாவில். உயர்தரத்துக்கு நிகரான தகைமை, அல்லது அவர்களுடைய நிலை 3, அல்லது தொடர்புடைய வேலையில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் நிலை 4 இல் சேரலாம். நிலை 6 ஐ முடித்து, மூன்று வருடத் தொழில் அனுபவமும் காட்டினால்தான் முழு உறுப்புரிமை. இது நீண்ட பாதை, வருடக் கணக்கில் போகும். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் காசு கட்டிப் போகலாம் என்பதால், ஒரே நேரத்தில் பெருந்தொகை புரட்ட முடியாதவர்களுக்கு இது வசதி. சில பாடங்களில் கட்டுரை வடிவில் விடை எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப் பயப்படுபவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் ஐ.எஸ்.எம்.எம். எனப்படும் வழங்கல், பொருள் முகாமைத்துவ நிறுவகமும் பாடநெறி நடத்துகிறது. கொழும்பிலோ ஊரிலோதான் வேலை என்று முடிவெடுத்தவர்கள் இதையும் சி.ஐ.பி.எஸ். ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

*இருப்பும் திட்டமிடலும்.* அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.எம். நிறுவனம் தருவதில் மூன்று சான்றிதழ்கள் முக்கியமானவை. பழைய விளம்பரங்களில் இதே நிறுவனத்தை அப்பிக்ஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். சி.பி.ஐ.எம். உற்பத்தித் திட்டமிடலையும் இருப்பையும் ஆழமாகப் பார்க்கிறது. சி.எஸ்.சி.பி. வழங்குநரிடமிருந்து வாடிக்கையாளர் வரை முழுச் சங்கிலியையும் அகலமாகப் பார்க்கிறது. சி.எல்.டி.டி. களஞ்சியம், போக்குவரத்து, விநியோகத்தைப் பார்க்கிறது.

மூன்றிலும் 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம், எல்லாம் தெரிவு விடை. புள்ளி 200 இலிருந்து 350 வரையான அளவுகோலில் வரும். 300 எடுத்தால் தேர்ச்சி.

இந்த மூன்றில் எது என்று கேட்டால் என் கருத்து இது. ஆடைத் தொழிற்சாலையில் திட்டமிடல் மேசைக்குப் போக நினைப்பவருக்குச் சி.பி.ஐ.எம். ஸ்டோர்ஸில் இருந்துகொண்டு பெரிய களஞ்சியப் பொறுப்புக்கு ஏறப் பார்ப்பவருக்குச் சி.எல்.டி.டி. ஏற்கெனவே நான்கைந்து வருடம் வேலை செய்து, பல பிரிவுகளையும் தொட்டவருக்குச் சி.எஸ்.சி.பி. பெயர் பெரிதாக இருக்கிறது என்று புதியவர்கள் எல்லோரும் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் தொடுகிறார்கள். வேலை அனுபவம் இல்லாமல் அதைப் படிப்பது மனப்பாடமாகிப் போகும். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

சி.பி.ஐ.எம். முன்பு இரண்டு பகுதிகளாக, இரண்டு பரீட்சைகளாக இருந்தது. 2023 இலிருந்து ஒரே பரீட்சை. “பகுதி 1”, “பகுதி 2” என்று போட்ட பழைய புத்தகங்களை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

*போக்குவரத்தும் ஏற்றுமதியும்.* லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் துறைக்கான சி.ஐ.எல்.டி. நிறுவனத்தின் இலங்கைக் கிளை கொழும்பில் இயங்குகிறது. சான்றிதழ், டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று ஏறலாம். சரக்கு முகவர் நிறுவனத்தில் சேர நினைப்பவர்களுக்கு ஃபியாட்டாவின் டிப்ளோமா பொருத்தம். 1926 இல் தொடங்கிய இந்தச் சர்வதேசச் சரக்கு முகவர் கூட்டமைப்பின் பெயரைக் கப்பல், விமானச் சரக்குத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். லொறி ஓட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தேவையில்லை.

*மனிதாபிமான வழங்கல்.* இங்கே முதலில் காசு செலவழிக்க வேண்டாம். உலக உணவுத் திட்டம் தலைமை தாங்கும், உதவி அமைப்புகளின் வழங்கல் வேலையை ஒருங்கிணைக்கும் லொஜிஸ்டிக்ஸ் கிளஸ்டரின் செயல்முறைக் கைநூல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. களஞ்சியத்தில் மூட்டை அடுக்குவதிலிருந்து வாகனப் பதிவு வரை அதில் உண்டு. காயா, டிசாஸ்டர்ரெடி ஆகிய தளங்களில் இலவசப் பாடங்களும் இருக்கின்றன. அவற்றை முடித்த பிறகு, மனிதாபிமான லொஜிஸ்டிக்ஸுக்கென்றே உள்ள சி.எச்.எல். சான்றிதழைப் பார்க்கலாம். அது தொலைக்கல்வி, கற்பனையாக ஒரு நெருக்கடியைக் கொடுத்து, அதில் நீங்கள் எப்படிச் செயல்படுவீர்கள் என்று பயிற்சிகளை எழுதி அனுப்பச் சொல்வார்கள்.

*அரச சேவை.* ஏற்கெனவே அரச களஞ்சியத்தில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் சான்றிதழுக்குப் போகமுன் தங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்து வாசியுங்கள். பதவி உயர்வு அதில் உள்ள வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையிலும் சேவைக் காலத்திலும்தான் தங்கியிருக்கிறது. பெறுகை (அரச கொள்வனவு) பக்கம் வேலை செய்பவர்களுக்கு இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனத்தின் பயிற்சிகளும், தேசியப் பெறுகை ஆணைக்குழுவின் வழிகாட்டல்களில் தெளிவும் உடனடியாகப் பயன் தரும்.

சாதாரணதரம் தாண்டாமல் வருடக் கணக்கில் ஸ்டோர்ஸில் நின்றவர்களுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை வழி இருக்கிறது. முன் அனுபவத்தை மதிப்பிட்டே தகைமை கொடுக்கும் முறை அதில் உண்டு. வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டியதில்லை. உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்பதை மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தளத்தில் பாருங்கள். கையில் ஒரு காகிதமும் இல்லாதவருக்கு முதல் காகிதம் இதுதான்.

வேலையில் பிழைகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதை ஒரே ஒரு நிறுவனம் கட்டுப்படுத்துவதில்லை. யார் வேண்டுமானாலும் பச்சைப் பட்டி, கறுப்புப் பட்டி என்று அச்சடித்துக் கொடுக்கலாம். வார இறுதியில் முடியும் கறுப்புப் பட்டிக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

6. தகுதி நிபந்தனையை வழங்குகிறவரிடமே வாசியுங்கள்

வகுப்பின் துண்டுப் பிரசுரத்தில் அல்ல, வழங்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாசியுங்கள். நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பவை. நான் மேலே எழுதியிருப்பதையும் காசு கட்டமுன் ஒருமுறை சரிபாருங்கள்.

“தொடர்புடைய அனுபவம்” என்ற சொல்லில்தான் பலர் இடறுகிறார்கள். கடையில் விற்பனைக்கு நின்றது அனுபவமா? அங்கே இருப்பெடுத்து, ஓடர் போட்டு, வந்த சாமானைச் சரிபார்த்திருந்தால், அதை அப்படியே எழுதிக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். பின்னர் பிரச்சினை வந்தால் அந்த மின்னஞ்சல் உதவும்.

7. முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

பரீட்சைக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தொடங்குகிறவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். தாளில் இருக்க வேண்டியவை: உறுப்புரிமைச் சந்தா, படிப்புப் பொருள், பரீட்சைக் கட்டணம், தவறினால் மறுபடி எழுதும் கட்டணம், வகுப்பு, கொழும்புப் பயணமும் தங்குமிடமும், பிறகு புதுப்பிக்கும் செலவு. ஏ.எஸ்.சி.எம். சான்றிதழ்களில் படிப்புப் பொருளின் விலையும் பெரியது. அதைக் கணக்கில் விட்டுவிட்டால் கணக்கே பிழைக்கும்.

கட்டணங்கள் டொலரிலோ பவுணிலோ இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவில் நின்றது. 500 டொலர்க் கட்டணம் இரண்டு, மூன்று மாதத்துக்குள் 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவுக்குப் போனது. ஆகவே உங்கள் கணக்கின் மேல் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

காசு கட்டும் வழியையும் முதலே பாருங்கள். வங்கி அட்டையால் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு செய்ய முடியுமா என்று கிளையில் கேளுங்கள். கனடாவிலோ சுவிஸிலோ உள்ள சொந்தக்காரர் கட்டித் தருவதாக இருந்தால், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், இலங்கை முகவரியில் கணக்கைத் திறந்து, அட்டை விபரத்தை மட்டும் அவரைப் போடச் சொல்லுங்கள். அத்தான் தன் கணக்கில் வாங்கிவிட்டு, பரீட்சை அனுமதி அத்தானின் பெயரில் வந்த கதை நடந்திருக்கிறது. அதைத் திருத்த வாரக்கணக்காக மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

வாங்கிய பரீட்சை அனுமதிக்குக் காலாவதித் திகதி உண்டு. விலை குறைத்துப் போடுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கமுன் வாங்கி வைக்க வேண்டாம்.

8. காசு கட்டமுன் பாடத்தைத் தொட்டுப் பாருங்கள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தும் வழங்கல் சங்கிலிப் பாடத்தொடரை எட்எக்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். ஒரு மாதம் பாருங்கள். ஆங்கில விளக்கம் காதில் ஏறுகிறதா, கணக்கு பிடிபடுகிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும்.

இந்தத் துறையின் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒன்றைச் செய்து காட்டுகிறேன். பரந்தனில் ஒரு கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 30 மூட்டை கோழித்தீன் விற்கிறது; கூடினால் 40. கொழும்புக்கு ஓடர் போட்டால் லொறி வழக்கமாக 4 நாளில் வரும். மழைக்காலத்தில் பிந்தினால் 6 நாள். எத்தனை மூட்டை மிஞ்சும்போது அடுத்த ஓடரைப் போட வேண்டும்?

சராசரியைப் பெருக்கினால் 30 × 4 = 120. புதியவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மிக மோசமான நிலையைப் பெருக்கினால் 40 × 6 = 240. இரண்டுக்கும் இடையில் உள்ள 120 மூட்டைதான் பாதுகாப்பு இருப்பு. 240 மூட்டை இருக்கும்போதே ஓடர் போட்டால் மார்கழி வெள்ளத்திலும் கடை வெறுமையாகாது. ஆனால் அந்த 120 மூட்டைக்கான காசு வருடம் முழுவதும் முடங்கிக் கிடக்கும். எலியும் ஈரமும் வேறு. வைகாசி, ஆனியில் அவ்வளவும் தேவையா என்ற கேள்வி வந்தால், உங்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். பரீட்சைகளில் வருவது இந்த மாதிரி யோசனைதான்.

ஆங்கிலத்துக்கு இலக்கணப் புத்தகத்தை விட உங்கள் ஸ்டோர்ஸிலேயே நல்ல வழி இருக்கிறது. ஜீ.ஆர்.என். (வந்த பொருளைப் பெற்றதற்கான பற்றுக்குறிப்பு), பின் கார்ட் (ஒவ்வொரு பொருளின் இருப்பு அட்டை), கொள்வனவுக் கட்டளை, டெலிவரி நோட் ஆகியவற்றில் ஒவ்வொரு பிரதியை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். கையால் செய்த வேலையின் சொல் மறக்காது. பாடப் புத்தகத்தில் அதே சொல் வரும்போது பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

9. வகுப்பு தேவையென்றால்

தனியாகப் படிக்க முடிந்தவருக்கு வகுப்பு கட்டாயம் இல்லை. நேர ஒழுங்கு இல்லாதவருக்கு வகுப்பு உதவும். சேரமுன் மூன்றைச் சரிபாருங்கள்: வழங்கும் நிறுவனத்தின் தளத்தில் உள்ள அங்கீகரித்த நிலையங்களின் பட்டியலில் இவர்களுடைய பெயர் இருக்கிறதா, கற்பிப்பவர் அதே சான்றிதழை வைத்திருக்கிறாரா, கட்டணத்துக்குள் பரீட்சைக் கட்டணமும் அடக்கமா.

“நூறு வீதம் தேர்ச்சி உறுதி” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பரீட்சையை நடத்துவது அவர்கள் இல்லை, அந்த உறுதியைக் கொடுக்க அவர்களால் முடியாது.

10. பரீட்சைத் திகதியும் இடமும்

அறுவடை மாதத்தில் திகதி போடாதீர்கள். வயல் உள்ள வீடுகளில் தை, மாசியில் படிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திகதி போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

ஏ.எஸ்.சி.எம். பரீட்சைகளை பியர்சன் வியூ என்ற பரீட்சை நடத்தும் நிறுவனத்தின் நிலையத்தில் எழுதலாம். வீட்டிலிருந்து கண்காணிப்பின் கீழும் எழுதலாம். வன்னியில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு கொழும்பு நிலையம்தான். வீட்டில் எழுதும்போது அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது, இணையம் மூன்றரை மணி நேரமும் நிற்க வேண்டும். மின்வெட்டு வந்தால் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் இல்லாத ஒரு அறையைத் தேடிப் பாருங்கள்.

கொழும்புக்குப் போவதென்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, நித்திரை இல்லாமல் 150 கேள்விக்கு முன்னால் உட்காருவது படித்த அத்தனையையும் வீணாக்கும். அந்த ஒரு இரவுத் தங்குமிடக் காசு மறுபரீட்சைக் கட்டணத்தை விடக் குறைவு. கடவுச்சீட்டைப் பையில் வைத்துவிட்டுப் பெயரை உறுதிப்படுத்தல் மின்னஞ்சலோடு இன்னொருமுறை ஒப்பிடுங்கள்.

11. பெற்ற பிறகு

சுயவிவரக்கோவையில் சான்றிதழின் முழுப் பெயர், வழங்கிய நிறுவனம், மாதம், வருடம் ஆகியவற்றை எழுதுங்கள். இணையத்தில் சரிபார்க்கும் இணைப்பு தந்திருந்தால் அதையும் சேருங்கள். சி.ஐ.பி.எஸ். நிலை 4 முடித்துவிட்டு முழு உறுப்பினரின் எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போடுவது பொய். நேர்முகம் நடத்துகிறவர் அதே துறையில் இருப்பவர், உடனே கண்டுபிடிப்பார். பாதி படித்திருந்தால், எந்தப் பாடம் வரை முடித்தீர்கள் என்று அப்படியே எழுதலாம். அதற்கும் மதிப்பு இருக்கிறது.

படித்ததில் ஒன்றையாவது வேலையிடத்தில் செய்து காட்டுங்கள். மேலே சொன்ன மூட்டைக் கணக்கை உங்கள் ஸ்டோர்ஸின் பத்துப் பொருட்களுக்குச் செய்து, எதில் காசு முடங்கிக் கிடக்கிறது என்று பொறுப்பாளரிடம் ஒரு தாளில் கொடுங்கள். சம்பள உயர்வு கேட்கும்போது அந்தத் தாளையும் சான்றிதழையும் ஒன்றாக வைத்துப் பேசலாம்.

ஏ.எஸ்.சி.எம். சான்றிதழ்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 75 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிப் பட்டறை, இணையக் கருத்தரங்கு, கற்பித்தல் எல்லாம் புள்ளி தரும். ஐந்தாவது வருடத்தில் ஆதாரம் தேடி அலையாமல், தேறிய அன்றே ஒரு கோப்பைத் திறந்து, கலந்துகொண்ட ஒவ்வொன்றின் காகிதத்தையும் திகதியோடு அதில் போட்டு வாருங்கள். அதன் பிரதியை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள்.